அழியும் கோட்டின் கணக்கு

ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பனிச்சறுக்கு ஆட்டம் தொடக்கத்தில் நடனமாக இருக்கவில்லை. பனிக்கட்டியின் மேல் கோடு போடும் வித்தையாகவே அது வளர்ந்தது. காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் விளிம்பைக் கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி, வட்டமும் எட்டும் வளையமும் வரைய வேண்டியிருந்தது. ஒரு வடிவத்தை மூன்று முறை வரைய வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். ஆட்டக்காரர் விலகியதும் நடுவர்கள் பனித்தரையில் இறங்குவார்கள். குனிந்தும், சிலர் மண்டியிட்டும், கோடு எந்த இடத்தில் பிசகியது, வட்டம் எந்தப் பக்கம் நசுங்கியது என்று பார்ப்பார்கள். மதிப்பெண் எழுதி முடித்தபின் அந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. தரையைச் சீர்செய்து நீர் விட்டால் அது மறுபடி உறைந்து வெறும் வெள்ளையாகிவிடும்.

செய்தது இல்லாமல் போய்விட்டது. அதன் பலன் மட்டும் நாளைக்கு வருகிறது. நடுவில் அதைத் தாங்கி நிற்பது எது? வினைக்கொள்கையை ஏற்ற இந்தியத் தத்துவப் பிரிவுகள் எதற்கும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. வேள்வித் தீ அணைந்து பல ஆண்டு கழித்துச் சுவர்க்கம் கிடைக்கும் என்றால், அணைந்த தீயையும் வரப்போகும் சுவர்க்கத்தையும் எந்தக் கயிறு கட்டுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் சிலருடைய வாழ்க்கையும், பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ரஞ்சன்குடி போன்ற ஊர்களில் விடியற்காலையில் விழும் கோலமும் இந்தக் கேள்வியைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவருகின்றன.

ஸ்வீடனில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் உல்ரிக் சால்கோவ். 1877-ல் கோபன்ஹேகனில் பிறந்து ஸ்வீடனுக்காக ஆடியவர். 1901 முதல் 1905 வரையிலும், 1907 முதல் 1911 வரையிலும் உலகப் பட்டம் அவருடையது, மொத்தம் 10. இடையில் விட்டுப்போன 1906-க்குக் காரணம் தோல்வி அல்ல. அந்த ஆண்டுப் போட்டி மியூனிக்கில் நடந்தது. போட்டியாளர் கில்பர்ட் ஃபுக்ஸ் ஜெர்மானியர். அவருடைய மண்ணில் தனக்கு நியாயம் கிடைக்காது என்று அஞ்சி சால்கோவ் போகவே இல்லை. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இதே மனத்தாங்கல் இன்னொருவருக்கு வந்தது. ரஷ்யாவின் நிகோலாய் பானின், நடுவர்களின் தீர்ப்பைக் குறைகூறி ஆண்கள் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். தங்கம் சால்கோவுக்குப் போனது. வெள்ளியும் வெண்கலமும்கூட ஸ்வீடன்காரர்களுக்கே. பானின் அதே ஒலிம்பிக்கில் ‘சிறப்பு வடிவங்கள்’ என்ற தனிப் பிரிவில் வென்றார். வரையப்போகும் வடிவத்தை முன்கூட்டியே தாளில் வரைந்து நடுவர்களிடம் கொடுத்துவிட்டு, அதையே காலால் பனியில் வரைந்து காட்ட வேண்டிய பிரிவு அது. பூவிதழ் போலப் பின்னிய அந்த வடிவங்களை ஒரு தமிழ்ப் பெண் பார்த்தால் சிக்குக் கோலம் என்றுதான் சொல்வாள். 1908-க்குப் பிறகு அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் நடக்கவில்லை.

அடுத்தவர் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம். ஸ்டாக்ஹோமில் 1893-ல் பிறந்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். 1920 ஆன்ட்வெர்ப், 1924 ஷாமோனி, 1928 செயின்ட் மோரிட்ஸ் என மூன்று ஒலிம்பிக்கில் தங்கம். 1932 லேக் பிளாசிடில் வெள்ளி. அந்த நான்காவது முறை கோடு வரையும் சுற்றில் ஒரு படப்பிடிப்பாளர் மீது மோதிவிட்டார். அப்போது அவருக்கு 38 வயது. இவ்வளவு வென்றவர் உலகப் பட்டப் போட்டிகளில் ஆடியது மிகக் குறைவு. 1922, 1924, 1929 என்று மூன்று பட்டங்களோடு நின்றுவிட்டார். பனிச்சறுக்கைப் பற்றிய பழைய ஓவியங்களைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. தன் காலடியில் கோடு அழிந்துகொண்டே இருக்க, மற்றவர்கள் அந்தக் காட்சியைத் தாளில் பிடித்துவைத்ததைச் சேகரித்தவர். 1938-ல் போட்ஸ்டாமில் இறந்தார்.

1920-ல் பெண்கள் தங்கம் வென்ற மாக்டா யூலினும் ஸ்வீடன்காரர்தான். அப்போது அவர் கர்ப்பிணி. வேறொரு வேடிக்கையும் அந்த வெற்றியில் இருந்தது: எந்த நடுவரும் அவருக்கு முதலிடம் கொடுக்கவில்லை. முதலிட ஓட்டுகள் மற்றவர்களிடையே சிதறியதால், கூட்டிப் பார்க்கையில் தங்கம் யூலினுக்கு வந்து சேர்ந்தது. யாருடைய கண்ணிலும் முதலாக இல்லாதவர் முதல்வரானார். நடுவரின் மனம் ஒன்று, தாளில் விழும் கூட்டல் வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடைப்பது அரிது.

ரஞ்சன்குடியில் தண்ணீர் உறைவதில்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் தவிர. கோடு மட்டும் தினமும் விழுகிறது. மார்கழியில் நான்கு மணிக்கே வாசல் பெருக்கும் ஓசை கேட்கும். சாணம் கரைத்துத் தெளித்து, ஈரம் முழுக்கக் காயுமுன் புள்ளி வைத்துவிட வேண்டும். ஈரம் அதிகமானால் மாவு கரையும், காய்ந்துவிட்டால் பிடிக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எடுத்து, உட்காராமல் இடுப்பை வளைத்து நின்றபடியே வீட்டுப் பெண் இழுப்பாள். சிக்குக் கோலத்தில் இழை எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, எந்தப் புள்ளியையும் விட்டுவிடவும் கூடாது; கிளம்பிய இடத்துக்கே வந்து முட்ட வேண்டும். பிசகினால் அழிப்பதில் பயனில்லை, சாணத்தரையில் வெள்ளைக் கறை நிற்கும். கை தேர்ந்தவள் பிசகையே இன்னொரு வளைவாக்கி, சுற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். நடுவில் சாண உருண்டை, அதன் மேல் பூசணிப்பூ. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆடுகளும் இருசக்கர வண்டியும் அதன் மேல் போயாகிவிடும். யாரும் வருந்துவதில்லை. திதி நாளில் சடங்கு முடியும்வரை கோலம் கிடையாது, சாவு வீட்டில் கிடையாது. கோலம் இல்லாத வாசல்தான் ஊர் கண்ணில் படும்.

அதே ஊரில் நிலைக்க வேண்டும் என்றே கட்டிய ஒன்றும் இருக்கிறது. கர்நாடக நவாபுகளின் காலத்து ஜாகீர்தார் ஒருவர் கட்டிய கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. 1751-ல் நவாப் பதவிக்கான போட்டியில் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று வாலிகண்டபுரம் பகுதியில் மோதிய சண்டையில் இந்த வட்டாரம் அடிபட்டது. கோட்டைச் சுவர் நிற்கிறது. எதற்காகக் கட்டினார்களோ அந்த அதிகாரம் நிற்கவில்லை. கோலத்தில் இது தலைகீழ்: மாவு காலையிலேயே போய்விடுகிறது, வழக்கம் நிற்கிறது.

கோலத்தின் இலக்கணம் கணிதக்காரர்களையும் இழுத்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் உழைத்த ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1970-களில் கோலங்களை ஒரு மொழியைப் போல ஆராய்ந்தார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வடிவத்தை வளர்க்கும் முறையைக் கணினி அறிவியலின் கண்ணோடு விளக்கினார்கள். மாவு அழிந்தாலும் விதி அழிவதில்லை என்பது இங்கே வெறும் தேற்றுமொழி இல்லை, நிறுவப்பட்ட செய்தி.

இனி தத்துவக்காரர்களிடம் போகலாம். மீமாம்சகர்கள் கேள்வியை நேராகச் சந்தித்தார்கள். ஜைமினியின் சூத்திர மரபில், வேள்விக்கும் பலனுக்கும் நடுவே ‘அபூர்வம்’ என்ற ஒன்றை வைத்தார்கள். முன்பு இல்லாதது, செயலால் புதிதாகத் தோன்றுவது என்பது பொருள். குமாரிலர் அதை வேள்வி செய்தவனுடைய ஆன்மாவில் தங்கும் ஒரு சக்தி என்றார். தீ அணைந்தாலும் அந்த ஆற்றல் அவனிடம் ஒட்டிக்கொண்டு உரிய காலத்தில் பலனாக விரியும். பிரபாகரர் வேறு பக்கம் திரும்பினார். அவருக்கு அபூர்வம் என்பது செய்யப்பட வேண்டியது என்று விதி சுட்டும் கடமையே. ‘இதைச் செய்’ என்ற கட்டளையே மனிதனை எழுப்புகிறது. பலன் அதன் பின்னே வரும் துணை மட்டுமே. ஒரு கடவுள் உட்கார்ந்து கணக்கெழுத வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை.

பௌத்தர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. செயல் மட்டுமல்ல, செய்தவனும் கணந்தோறும் மாறுகிறான். ஆன்மா என்ற பாத்திரமே இல்லை. அவர்கள் சொன்ன உவமை பருத்தி நாட்டுக்காரர்களுக்கு ருசிக்கும். பருத்தி விதையில் அரக்குச் சாயம் ஏற்றி விதைத்தால் பஞ்சு சிவப்பாக வெடிக்கும். அதுபோல எந்தத் தொடர்ச்சியில் வினை பதிந்ததோ அதே தொடர்ச்சியில் பலன் வரும். பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி போடும் விவசாயி இதைக் கேட்டுச் சிரிப்பார்; விதையில் மருந்து கலந்து விதைத்தாலும் பஞ்சு வெள்ளையாகத்தான் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். உவமை தவறினாலும் கருத்து விளையாட்டு வீரருக்குப் பொருந்துகிறது. ஆயிரம் முறை வரைந்த வட்டங்களில் ஒன்றும் பனியில் இல்லை. ஆனால் ஆயிரத்தொன்றாவது வட்டத்தை வரையும் முழங்கால் முதல் வட்டத்தை வரைந்த முழங்கால் அல்ல. கோடு பனியை விட்டுக் கணுக்காலுக்குப் போயிருக்கிறது. இதைத்தான் தமிழில் கைப்பழக்கம், கால்பழக்கம் என்கிறோம்.

சைவ சித்தாந்தத்தின் விடை வேறு. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் தந்த சிவஞானபோதத்தின் மரபு, வினை சடம் என்கிறது. அறிவில்லாத பொருள் தானாக எழுந்து, செய்தவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, உரிய நாளில் கதவைத் தட்டாது. உயிருக்கும் அது தெரியாது. தெரிந்தால் தீவினையின் பலனை யார் வாங்கிக்கொள்வார்? ஆகவே அறிந்து கூட்டுவிக்கும் ஒருவன் வேண்டும். பிரம்ம சூத்திரத்தில் பாதராயணரும் பலன் இறைவனிடமிருந்தே வருகிறது என்று ஜைமினியை மறுத்துத்தான் வைக்கிறார். ஆக, மீமாம்சகருக்கு வினையே தன் கணக்கை வைத்துக்கொள்கிறது. சித்தாந்திக்குக் கணக்கு வைக்க நடுவர் தேவை.

விளையாட்டு உலகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. பனியில் அழிந்த கோட்டை ஓர் எண்ணாக மாற்றி நிறுத்துபவர் நடுவர். அந்த எண்தான் பதக்கமாகவும் பட்டமாகவும் ஊரில் சொல்லிக்கொள்ளும் பெயராகவும் நெடுங்காலம் நிற்கிறது. உலகியலில் அபூர்வம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மதிப்பெண் தாள்தான். ஆனால் சித்தாந்தியின் நடுவனுக்கு முழுதறிவு உண்டு, விருப்பு வெறுப்பு இல்லை. பனித்தரையில் மண்டியிடும் நடுவருக்கு முழுதறிவு இல்லை, விருப்பு வெறுப்பு உண்டு. சால்கோவ் மியூனிக்குக்குப் போகாததும், பானின் பாதியில் எழுந்துபோனதும், யூலின் எதிர்பாராமல் வென்றதும் இந்த இடைவெளியில்தான். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா கட்டற்ற ஆட்டத்தில் ஏழாவதாக வந்தும், கோடு வரைவதில் பெற்ற முன்னிலையால் தங்கம் வென்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது விளங்கவில்லை. அவர்கள் கோட்டைப் பார்க்கவில்லை, ஆட்டத்தை மட்டுமே பார்த்தார்கள். அதன் பிறகு கோட்டுக்கான பங்கு குறைந்துகொண்டே வந்தது. 1990-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலகப் போட்டியோடு அது முடிந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் இணையர் போட்டியின் தீர்ப்பு பெரிய ஊழல் விவகாரமாகி, இரண்டாவது தங்கம் ஒன்றைத் தனியே கொடுக்க வேண்டிவந்தது. பழைய ஆறு மதிப்பெண் முறையும் அத்தோடு போனது. இன்று ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி எண். கண்ணை நம்ப முடியாதபோது அளவுகோலை நறுக்கி நறுக்கிச் சின்னதாக்குவது மனித வழக்கம்.

சால்கோவிடம் இன்னொன்றும் நின்றது. 1909-ல் அவர் ஒரு தாவலை ஆடிக் காட்டினார்: ஒரு காலின் பின்புற உள்விளிம்பில் எழும்பி, மறு காலின் பின்புற வெளிவிளிம்பில் இறங்குவது. அந்தத் தாவலுக்குச் சால்கோவ் என்றே பெயர். அவர் 1949-ல் மறைந்தார். 2025-ல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடிய தாரா பிரசாத்தின் காலத்திலும் அதற்கு அதே பெயர்தான். சொல் தனி ஆளைக் குறிப்பதில்லை, வடிவத்தைக் குறிக்கிறது, வடிவம் அழியாது என்று மீமாம்சகர் வாதாடியதற்கு, தத்துவமே படிக்காத ஒரு விளையாட்டு தந்த உதாரணம் இது. பதக்கத்தைவிட இந்த வழி நேர்மையானதாகப் படுகிறது: அடுத்தவர் அதைத் தன் உடம்பால் மறுபடி செய்தால் மட்டுமே அது உயிரோடிருக்கும்.

தமிழ் மரபில் மதிப்பெண் போட்ட ஆட்டத்துக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே சாட்சி. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்று, பன்னிரண்டில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்லப்படுகிறது. ஆடி முடிந்ததும் தலைக்கோல் பட்டமும் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைக்கின்றன. அதற்கப்புறம் நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. அந்த மாலை நகர வீதியில் விலைக்கு வருகிறது. அதை வாங்குபவன் அவளுக்குத் தலைவன். கோவலன் வாங்குகிறான். காற்றில் கரைந்த ஓர் ஆட்டம் மதிப்பெண்ணாகி, மதிப்பெண் விலையாகி, விலை அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. மணிமேகலையில் அதே மாதவி அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டுத் துறவியாகிறாள். கணந்தோறும் எல்லாம் அழிகிறது என்ற போதனை, ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த ஒரு நாடகக் கணிகைக்குப் புதிதாக இருந்திருக்காது. திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் செல்வம் வருவதற்கும் போவதற்கும் கூத்தாட்டு அவையில் கூட்டம் கூடிக் கலைவதையே உவமையாக எடுத்துக்கொள்கிறது. வள்ளுவரின் கண் ஆடுபவள் மேல் இல்லை, எழுந்து போகும் கூட்டத்தின் மேல் இருக்கிறது.

கோலத்துக்கு மதிப்பெண், விலை என்ற இந்தப் பாரம் இல்லை. எறும்புக்கும் குருவிக்கும் இட்ட உணவு, அதனால் அறம் என்பது பெரியவர்கள் தரும் விளக்கம். அரிசி மாவு இருந்தவரை அது சரி. இன்று பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. எறும்பு அதைச் சீண்டாது. விளக்கம் போனபின்னும் கோலம் நின்றுபோகவில்லை என்றால், அது எறும்புக்காக மட்டும் போடப்பட்டதில்லை என்றாகிறது. வாசல் தெளித்தால் கோலம் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். பிரபாகரரின் கட்டளை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் தென்படுவதில்லை. பலனைப் பற்றிக் கேட்டால் ‘லட்சுமி வருவாள்’ என்று பதில் வரும். ஆனால் லட்சுமி வராத வீட்டிலும் மறுநாள் கோலம் உண்டு. கீதை பலன் கருதாத செயல் என்று பெரிய போர்க்களத்தில் வைத்துச் சொன்னது, வாசலில் யாரும் சொல்லாமலே நடக்கிறது. பொங்கல் சமயத்துக் கோலப்போட்டியில்தான் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே சுண்ணாம்பால் கட்டம் கிழித்து, எண் கொடுத்து, நடுவர்கள் கையில் தாளோடு சுற்றிவருவார்கள். பரிசு எவர்சில்வர் குடம். வாசலில் பிசகை வளைவாக்கிச் சமாளித்தவள் அங்கே பிசகுக்கு மதிப்பெண் இழக்கிறாள்.

ரஞ்சன்குடியிலிருந்து கிழக்கே, அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில், அழிவதைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு ஒரு கல் விடை இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் சுவர் மாடங்களில் ஒன்றில் ஆடவல்லான் ஆடுகிறான். ஒரு கால் ஊன்றியிருக்கிறது, மறுகால் எடுத்திருக்கிறது. திருவதிகை மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் இந்த உருவத்தில் ஐந்தொழிலையும் காட்டுகிறது: துடியில் படைத்தல், அமைந்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய காலில் மறைத்தல், எடுத்த காலில் அருளல். அழித்தல் இங்கே ஆட்டத்துக்கு வெளியே நின்று அதைக் கெடுக்கும் விபத்து இல்லை. ஆட்டத்தின் ஓர் அசைவு அது. பனித்தரையிலும் இரண்டு கால்களின் வேலை இப்படியே பிரிகிறது. கோடு போடுவது ஊன்றிய கால். அந்தக் கோட்டை நேராக வைத்திருப்பது தரை தொடாத கால்.

இறைவனும் போட்டி ஆடியதுண்டு. திருவாலங்காட்டில் காளியோடு ஆடினான். அவன் ஒரு காலை வானை நோக்கித் தூக்கினான். நாணத்தால் அவளால் அதைச் செய்ய முடியவில்லை, தோற்றாள் என்பது தலபுராணம். திறமைக் குறைவால் வந்த தோல்வியா, நாணத்தால் வந்ததா என்று பார்த்தால் இது சிக்கலான தீர்ப்பு. மியூனிக்குக்குப் போக மறுத்த சால்கோவ் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் திருவாலங்காட்டு ஆட்டத்துக்கு இன்னொருவரும் வந்தார். கைலைக்குத் தலையால் நடந்து சென்ற காரைக்கால் அம்மையார், பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும், நீ ஆடும்போது அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்திலும் அப்படித்தான்: ஆடும் காலின் கீழே எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறார், கையில் தாளம்.